யாரும் தள்ளாத தூக்குவாளி

அந்தப் பதில் சரி என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் அதற்குச் சுழி மார்க் போட்டாய்.

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். நீ கல்லூரியில் கணக்கு வாத்தியார், நானும் வேறொரு கல்லூரியில் அதே வேலை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் இரண்டு பேரும் கோச்சடையில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். நான் திருமங்கலத்தில் இறங்குவேன். நீ இன்னும் தெற்கே போவாய்.

நான் படித்தது இயற்கணிதம். அதில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அதை வைத்து மட்டும்தான் பேசலாம். விசை, இயக்கம் பற்றிய இயங்கியலை நடத்தி வந்த மூத்தவர் ஓய்வு பெற்றதும் துறைத்தலைவர் அந்தப் பாடத்தை என் தலையில் கட்டினார். "இதும் கணக்குத்தான சார், பாத்துக்கிடுங்க" என்றார். பி.எஸ்ஸி.யில் அதை மனப்பாடம் செய்து தப்பித்தவன் நான். முப்பத்தொரு வயதில் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. விசை எதுவும் செயல்படாதவரை ஒரு பொருள் ஓய்விலோ சீரான இயக்கத்திலோ இருக்கும் என்றது முதல் விதி. விசை என்றால் என்ன என்று தேடினேன். ஓய்வையோ சீரான இயக்கத்தையோ மாற்றுவதே விசை என்று அதே பக்கத்தில் இருந்தது. மாற்றும் வரை மாறாது என்று சொல்ல ஒரு விதி எதற்கு? அடுத்து, விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கியது என்றது இரண்டாம் விதி. இது உலகத்தைப் பற்றிய செய்தியா, விசை என்ற சொல்லுக்கு வைத்த அர்த்தமா? அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: விசை சுழி என்றால் முடுக்கமும் சுழி, ஆகவே முதல் விதியை இரண்டாம் விதியிலிருந்தே வருவிக்கலாம். வருவிக்கலாம் என்றால் அதை ஏன் தனி விதியாக எழுதி வைத்தார்கள்? என் பாடத்தில் ஒருவன் இப்படி எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆளிடம் போய்க் கேட்டேன். அவர் ஆய்வகத்து அலமாரியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இழுங்கண்ணே."

இழுத்தேன்.

"கை வலிக்குதா?"

"வலிக்குது."

"அதான் விசை. அம்புட்டுத்தேன். போயி டீயக் குடிங்க."

அவரை எனக்குப் பிடிக்கும். அவர் சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது. ஸ்பிரிங் நீளுவதை வைத்து விசையை அளந்துவிட்டால் இரண்டாம் விதி வெறும் வரையறை இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய விதியாகிவிடுகிறது. அந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. முதல் விதியின் சிக்கல் தீரவில்லை.

அதைத் தீர்த்தவன் நீதான். ஒருநாள் காலை பஸ்ஸில் போகும்போது திருமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. டிரைவர் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். உன் காலடியில் இருந்த மோர்சாதத் தூக்குவாளி கிளம்பி, நான்கு சீட்டைத் தாண்டி, ஒரு அம்மாவின் சாக்குமூட்டையில் போய் முட்டி நின்றது. நீ எழுந்து போய் எடுத்து வந்தாய்.

"யாருடா தள்ளுனது?" என்று கேட்டேன்.

"எவனும் தள்ளல. பஸ்சுதேன் நின்னுச்சு."

"தரை அதப் பின்னாடி இழுக்கத்தான் செஞ்சிருக்கும். உராய்வு இருக்குல்ல. பின்னாடி இழுத்தும் அது முன்னாடி ஓடுச்சு. அப்ப பஸ்சுக்குள்ள ரெண்டாம் விதி பொய்."

"பொய்தேன்."

"எங்க மெய்?"

"கீழ எறங்கி ரோட்டுல நின்னு பாரு. அங்க மெய்."

"ரோடு பூமியோட சேந்து சுத்துதே மாப்ள."

பின் சீட்டில் இருந்தவர், "சார், கேட் தொறக்கிற வரைக்கும் பூமிய நிறுத்தி வையுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரித்துவிட்டு, தூக்குவாளியின் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னாய்: "முதல் விதி எங்க நிக்கணும்னு சொல்லுதுடா. அங்க நின்னாத்தேன் ரெண்டாவத வாயில எடுக்கணும்."

அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. விசை படாத பொருள் சீராகப் போவதாகத் தெரியும் ஓர் இடம் உண்டு, அங்கே நின்றுதான் அளக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. அந்த இடம் எதுவென்றே தெரியாமல் இரண்டாம் விதியை எழுதவே முடியாது. ஆகவே அதிலிருந்து முதல் விதியை வருவிப்பது மோசடி. எது விசை படாத பொருள், அது எப்படித் தெரியும் என்ற கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் முதல்முறையாகத் திருப்பினேன்.

அடுத்த வருஷம் இதை வகுப்பில் நடத்தினேன், தூக்குவாளியோடு சேர்த்து. பிள்ளைகள் சிரித்தார்கள். "பரீட்சைக்குப் புத்தகத்துல இருக்கறத எழுதுங்க, மண்டையில இத வச்சுக்குங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மே மாதம் மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாம். பெரிய ஹால், நீள மேசைகள், மேலே சுத்தமாகக் காற்றே தராத மின்விசிறிகள். தாளில் பதிவு எண் இருக்காது, மாற்று எண்தான் இருக்கும். எந்த ஊர்க் கட்டு யாருக்கு வரும் என்று தெரியாது. நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம். எங்கள் மேசைக்கு நீ தலைமைத் தேர்வாளர், நாங்கள் போட்ட மார்க்கைச் சரிபார்ப்பவன். உன் பேனாவில் பச்சை மை.

பத்து மார்க் கேள்வி ஒன்று: இரண்டாம் விதியிலிருந்து முதல் விதியை வருவி. ஒரு தாளில் முதல் வரி இப்படி இருந்தது: "வருவிக்க முடியாது." கீழே அரைப் பக்கம். முடுக்கத்தை எங்கே நின்று அளக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், பிரேக் போட்ட பஸ்ஸுக்குள் யாரும் தள்ளாத தூக்குவாளியும் முடுக்கம் பெறும். வரிக்கு வரி சரி. நான் பத்துக்குப் பத்து போட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

நீ தாளோடு வந்தாய்.

"இதென்ன பத்து?"

"படிச்சியா?"

"படிச்சேன். விடைக் கீயில இது இல்ல."

"சரியா தப்பா, அதச் சொல்லு."

குரலைத் தாழ்த்தினாய். "மாப்ள, இது ஒங்க காலேஜ் பிள்ள. வேற எவன் தூக்குவாளிய வச்சு நடத்துவான்? ஒன் பிள்ளைக்கு நீயே மார்க்க அள்ளிப் போட்டன்னு நாளைக்கு ஒருத்தன் கெளப்புனா?"

"அப்ப வேறொருத்தர்ட்டக் குடு. அவர் படிக்கட்டும்."

"யாருட்டக் குடுத்தாலும் கீதேன்."

"தூக்குவாளி ஒன்னோடதுடா."

நீ என் பத்தைப் பச்சை மையால் அடித்துவிட்டுச் சுழி போட்டாய். மொத்தம் முப்பத்தொன்று. திருத்தத்துக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். பதினொரு மணிக்கு வடை வந்தது. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் மாணவி தாளுக்கு நான் மார்க் போட்டது சிக்கல்தான். ஆனால் அதற்காக வேறு ஆளிடம் கொடுப்பது ஒன்று, சரியான பதிலுக்குச் சுழி போடுவது வேறு.

முடிவு வந்தபோது அந்தத் தாளை எழுதிய பெண் யார் என்று தெரிந்தது. இறுதியாண்டு, மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். மதுரையில் எம்.எஸ்ஸி. கணக்குக்குக் கிடைத்திருந்த இடம் போனது. துறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"சார், நீங்க நடத்துனதத்தான சார் எழுதுனேன். தப்பா?"

"தப்பில்லம்மா."

"அப்ப அடுத்த தடவ எத எழுத?"

"புத்தகத்துல இருக்கறத எழுது" என்றேன். நான் பேசிய வாக்கியங்களில் இதைத்தான் அழிக்க முடிந்தால் அழிப்பேன். மறுதேர்வில் அதை எழுதித் தேறினாள். எம்.எஸ்ஸி.க்கு அதன் பிறகு அவள் விண்ணப்பிக்கவில்லை. அதற்கப்புறம் நான் பஸ்ஸை மாற்றிக்கொண்டேன். உன்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல வருஷம் கழித்து, போன மாதம் அவளைத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். நலம் விசாரித்துவிட்டு, "அந்தக் கேள்வி இந்த வருசமும் வந்துச்சாம்ல சார்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. மழை வந்ததா என்பதுபோல் கேட்டாள். கேள்வித்தாளைத் தேடிப் பார்த்தேன். வந்திருக்கிறது. அதே சொற்கள், அதே பத்து மார்க்.

இப்போது பாடத்திட்டக் குழுவுக்கு நீ தலைவர். அடுத்த கூட்டத்தில் எல்லாக் கல்லூரிக் கணக்கு வாத்தியார்களும் உட்கார்ந்திருப்பார்கள், நானும் இருப்பேன். எழுந்து பலகைக்குப் போ. இரண்டாம் விதியை எழுது. அதிலுள்ள முடுக்கத்தை எங்கே நின்று அளந்தாய் என்று சொல்லிவிட்டு, முதல் விதியை வருவித்துக் காட்டு. முடியாவிட்டால், அந்தப் பெண்ணுக்கு நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சுழி தவறு என்று அத்தனை பேர் முன்னாலும் சொல். நானும் எழுந்து சொல்கிறேன். எனக்குப் போன் செய்யாதே, வீட்டுக்கும் வராதே. அங்கே, பலகைக்கு முன்னால் நின்று பதில் சொல்.