மேஜரம்மா பேரில் ஒரு கார்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் மேஜரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்து, மேஜர் பதவியோடு ஓய்வு பெற்று வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "லீவு கிடைக்கல" என்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டவர்கள்தான் முழிப்பார்கள்.

கடைசி நாள் வழியனுப்பு விழாவில் வார்டு பணியாளர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். மேஜரம்மா தட்டில் வைத்த கேக்கை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததாக மற்றவர்கள் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். எப்போதிருந்து வருவதில்லை என்று யோசித்துப் பார்த்தார். அதற்கும் விடை கிடைக்கவில்லை. எத்தனையோ பையன்கள் அவர் கையில் செத்திருக்கிறார்கள். ஒரு முகமும் நினைவில் இல்லை. ஒருவனுடைய கால் நகங்கள் மட்டும் நினைவிருந்தது. அன்று காலைதான் வெட்டியது போல அத்தனை சுத்தமாக இருந்தன.

தம்பி வீட்டு மாடியறைதான் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. தம்பிக்குக் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை. நல்ல மனிதன்தான், ஆனால் எதையும் முழு விலை கொடுத்து வாங்கினால் அவனுக்கு அன்று தூக்கம் வராது. அக்கா வந்து சேர்ந்த வாரமே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, ராணுவத்துல இருந்தவங்களுக்குக் கார் வாங்கினா சலுகை உண்டாமே?"

"இருக்கும்."

"உங்க பேர்ல ஒண்ணு எடுத்துட்டா என்ன? பணம் நான் கட்டிக்கிறேன். உங்களுக்கும் போக வர ஆகும்."

"எங்க போக?"

"எங்கயாவது" என்றான்.

மேஜரம்மாவுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆசையும் இல்லை. சரி என்றார்.

ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்து தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார் எந்த ரெஜிமெண்ட்?" தம்பி அக்காவைக் கை காட்டினான். விற்பனையாளர் மேஜரம்மாவுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அசடு வழிந்து, இருவரையும் மூலையிலிருந்த மேசைக்கு அழைத்துப் போனார்.

ராணுவச் சலுகைக்கென்றே போட்ட மேசை அது. அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். நான்கைந்து வருடத்திலேயே ராணுவ வேலையை விட்டுவிட்டு வந்தவன். "முழு சர்வீஸ் முடிக்காம வந்தவங்களுக்குக் கிடையாதுப்பா" என்று மேசைக்காரப் பெண் அவனிடம் தணிந்த குரலில் சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரிந்த சிவப்புக் காரைப் பார்த்துக்கொண்டே வெளியே போனான்.

"மேடம் இப்ப சர்வீஸ்ல இருக்கீங்களா, ரிட்டயர்டா?"

"போன மாசம் வந்துட்டேன்."

"அப்ப பென்ஷன் ஆர்டர் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இன்னும் வரல."

"அடையாள அட்டை?"

"பழசைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. பென்ஷன் ஆர்டர் வந்தப்புறம்தான் புதுசு தருவாங்க."

மேசைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சர்வீஸ்ல இருக்கிறவங்கன்னா அவங்க கமாண்டிங் ஆபீசர் கையெழுத்து வேணும். ரிட்டயர்டுன்னா பென்ஷன் ஆர்டர் வேணும். மேடத்துக்கு இப்ப ரெண்டும் இல்லையே."

தம்பி பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தான். "ஆயுசுல பாதி அங்கதாங்க இருந்தாங்க. ரெண்டும் இல்லன்னா அப்ப இவங்க யாரு?"

"நான் என்ன சார் பண்ணட்டும்? கம்ப்யூட்டர்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு."

"சரி, கூடப்பிறந்தவங்க பேர்ல எடுக்க முடியுமா?"

"முடியாது சார். அவங்க பேர்ல மட்டும்தான். அவங்க காலமாயிட்டா, அவங்க கணவரோ மனைவியோ வாங்கலாம். தம்பிக்கெல்லாம் கிடையாது."

தம்பி அக்காவைப் பார்த்தான். கல்யாணம் செய்யாமல் விட்டது இப்படிக்கூட ஒரு நஷ்டமா என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்த சில மாதங்கள் மேஜரம்மா அந்த இரண்டு கட்டத்துக்கும் வெளியே இருந்தார். காலையில் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வார். போர்வையை மடிப்புக் கலையாமல் வைப்பார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. தம்பி மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அவள் கிளம்பும்போது, "அண்ணி, போரடிச்சா டிவி போட்டுக்கோங்க" என்பாள். மேஜரம்மா டிவியைப் போடுவார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, அதில் வாயசைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். போரடிக்கவில்லை. போரடிப்பதற்கும் உள்ளே ஏதாவது கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

ஒருவழியாகப் பென்ஷன் ஆர்டர் வந்தது. தம்பி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரை ஷோரூமுக்குக் கூட்டிப் போனான். மேசைக்காரப் பெண் காட்டிய இடத்திலெல்லாம் மேஜரம்மா கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க மேடம். குறிப்பிட்ட வருஷம் முடியற வரைக்கும் இந்த வண்டியை விக்க முடியாது, வேற பேருக்கு மாத்தவும் முடியாது" என்றார் அந்தப் பெண். "லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு."

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். "உங்களுக்கா? எப்ப எடுத்தீங்க?"

"ஆம்புலன்ஸ் டிரைவர் அடிக்கடி லீவுல போயிடுவாரு. அப்ப கத்துக்கிட்டேன்."

சாம்பல் நிறக் கார் வந்தது. தம்பி அதில்தான் அலுவலகம் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜரம்மா பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். "எப்படி இருக்குக்கா?" என்று தம்பி கேட்பான். "நல்லா இருக்கு" என்பார். நன்றாக இல்லை என்று சொல்ல அதில் ஒரு குறையும் இல்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில்தான் அது நடந்தது. அங்கே தள்ளுவண்டியில் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுக்கும் ஓர் அம்மாள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மேஜரம்மா வயதுதான் இருக்கும். தம்பி போனில் பேசிக்கொண்டே காரைப் பின்னால் எடுத்தான். முக்காலி சரிந்தது. சாவிக்காரம்மாவின் இடது கால் சக்கரத்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துபோயின. தம்பி வாடகைக் கார் பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அதுவரை சரியாகத்தான் நடந்துகொண்டான். பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டான்.

வண்டி எண்ணை வைத்துப் போலீஸ்காரர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். "குளிக்கிறார்" என்றாள் தம்பி மனைவி. உள்ளே தண்ணீர்ச் சத்தமே இல்லை. வந்தவர்களும் அவனைத் தேடி வரவில்லை. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடினார்கள். மேஜரம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போட்டார். "நீங்கதான் ஓட்டினீங்களா மேடம்?"

"இல்ல. என் தம்பி ஓட்டினான். வண்டி என்னோடது."

மாலையில் தம்பியையும் கூப்பிட்டு வழக்குப் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வெடித்தான்.

"நான்தான் ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? ராணுவத்துல இருந்தவங்கன்னு விட்டிருப்பாங்க!"

மேஜரம்மா அவனைப் பார்த்தார். "அதுக்கும் சலுகை உண்டா?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குத்திக் காட்டியதாகத் தம்பி எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் மேஜரம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி என்றும் சொல்ல முடியாது. காலையில் போர்வையை மடித்த பிறகு போவதற்கு ஓர் இடம் இருந்தது.

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சாவிக்காரம்மா படுத்திருந்தார். "நீ யாரு?"

"அந்த வண்டி என்னோடது."

"இடிச்சது உன் வீட்டுக்காரனா?"

"தம்பி. பேரு மட்டும்தான் என்னோடது."

"பேரு மட்டும் உன்னோடதுன்னா, கால் மட்டும் என்னோடதா?"

மேஜரம்மா கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். சூடு இருக்கிறதா, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். தலையணையை எடுத்துக் காலுக்கு அடியில் சரியான உயரத்துக்கு வைத்தார். சாவிக்காரம்மாவின் முகத்தில் வலி கொஞ்சம் இறங்கியது.

"நர்ஸா?"

"ஆமா."

"அப்ப நாளைக்கும் வா. இங்க இருக்கிறதுங்க கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்குதுங்க."

நாளைக்கும் போனார். அதற்கு மறுநாளும் போனார். சாவிக்காரம்மாவுக்குச் சொந்தம் என்று யாரும் வந்து பார்க்கவில்லை. மகன் கடல் தாண்டி எங்கோ இருக்கிறான். போன் மட்டும் வரும். அதனால் துடைத்துவிடுவது, தலை வாரிவிடுவது, கழிப்பறைக்குத் தாங்கிப் போவது எல்லாம் மேஜரம்மாவின் கைக்கு வந்தன. வாய் மட்டும் சாவிக்காரம்மாவுடையது. பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை, டாக்டரின் மீசை, ஆஸ்பத்திரிப் பூட்டுகளின் தரம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு பிசியோதெரபிக்கு வாரத்தில் சில நாட்கள் வரச் சொன்னார்கள். கட்டுப் போட்ட காலோடு பேருந்தில் ஏற வழியில்லை. போலீஸ் திருப்பிக் கொடுத்த கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேஜரம்மா கீழே இறங்கி வந்து தம்பிக்கு முன்னால் கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?" அத்தனை நாள் கழித்து அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை.

"அந்தம்மாவக் கூட்டிட்டுப் போகணும்."

"நீங்க ஓட்டப் போறீங்களா? நான் பணம் போட்டு வாங்கின வண்டி அது!"

"அப்ப உன் பேருக்கு மாத்திக்கோ."

தம்பி அன்றே ஷோரூமுக்கு ஓடினான். மேசைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வருஷக் கணக்கை அவனுக்குப் பொறுமையாக விளக்கினார். இப்போதே மாற்றுவதானால் வாங்கிய சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி எழுந்துவிட்டான். வீட்டுக்கு வந்து சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனான். மறுநாளிலிருந்து பேருந்தில் அலுவலகம் போனான்.

மேஜரம்மா ஆம்புலன்ஸ் ஓட்டியது போலவே கார் ஓட்டினார். குழியைக் கண்டால் நத்தை போல ஊர்ந்து, காலியான சாலையில் பறந்தார். "நான் இன்னும் சாகல, கொஞ்சம் மெதுவாப் போ" என்று சாவிக்காரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்.

ஒருநாள் பிசியோதெரபி முடிந்து வெளியே வந்தபோது மழை. அது நிற்கட்டும் என்று காருக்குள்ளேயே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாவிக்காரம்மா கேட்டார், "நானும் பாத்துட்டே இருக்கேன். உனக்குக் கோபமும் வரல, சிரிப்பும் வரல. என்ன மனுஷி நீ?"

"தெரியல. எதுவும் வர மாட்டேங்குது."

சாவிக்காரம்மா கார்க் கண்ணாடியில் படிந்த ஆவியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"என் வீட்டுக்காரர் செத்தப்ப எனக்கும் வரல. நாலாம் நாள் போய் சாவி வெட்டினேன். கல்நெஞ்சக்காரின்னு சொந்தமெல்லாம் பேசிச்சு. ரொம்ப நாள் கழிச்சுக் கடைவாய்ப் பல்லு வலிச்சுது. ஓன்னு அழுதேன். பல்லுக்காகத்தான் அழுதேன், சத்தியமா."

"அப்புறம் சரியாயிடுச்சா?"

"பல்லைப் புடுங்கிட்டாங்க."

மேஜரம்மா கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது போலிருந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அவர் கவனிக்கத் தொடங்குவதற்குள் அது அடங்கிவிட்டது. வண்டியைக் கிளப்பினார்.

வழக்கு அபராதத்தோடு முடிந்தது. தம்பி கட்டினான். சாவிக்காரம்மா ஊன்றுகோலோடு மறுபடி சந்துக்கு வந்து தள்ளுவண்டியைத் திறந்தார். நீண்ட நேரம் நிற்க முடியவில்லை. சாவி வெட்டும் எந்திரத்தை அழுத்திப் பிடிக்க இடது காலில் ஊன்ற வேண்டும், அதற்குத் தெம்பில்லை. அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட மேஜரம்மா, காரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, எந்திரத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாம புடி. உன் ஆஸ்பத்திரி ஊசி இல்ல இது."

முதல் சாவி கோணலாகப் போயிற்று. இரண்டாவது பூட்டுக்குள் நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவது திரும்பியது. வாங்க வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மேஜரம்மாவின் உள்ளங்கையில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரவு சாப்பிடும்போது மேஜரம்மா தம்பி மனைவியிடம் சொன்னார்: "நாளையிலருந்து எனக்கும் மதியத்துக்குச் சாப்பாடு கட்டிடும்மா."

"எங்க போறீங்க அண்ணி?"

"வேலை இருக்கு."

வேலை என்று சொல்லும்படி அந்தச் சந்தில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தம்பி மனைவி அலமாரியின் மேல்தட்டிலிருந்து இன்னொரு டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.