சிரிப்புக் காற்றும் மதன் வேஷமும்

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கித் தேயிலைக்கு நடுவே மேலே ஏறினால் பெரிய துரை பங்களா வரும். அந்தப் பங்களாக் குசினியில் என் வீட்டுக்காரர் கோக்கி. துரைக்குச் சமைக்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குக் கீழே, பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் பேச்சு. அது ஒன்றும் பொய்யில்லை.

அவரைத் தோட்டமே அறிந்தது சமையலால் அல்ல, காலால். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரைக்கும் பாட்டும் தப்பு மேளமுமாக இருக்கும். கடைசியில் விடியற்காலையில் காமனை எரிப்பார்கள். ரதியும் காமனாகிய மதனும் எதிரெதிரே நின்று ஆடுவதுதான் கூத்துக்கே உயிர். மதன் வேஷம் இவருக்கு. கையில் கரும்பு வில், காலில் சலங்கை. தப்பு எவ்வளவு வேகம் பிடித்தாலும் மதனின் கண் ரதியின் முகத்தை விட்டு இறங்கக் கூடாது. கால் தன்பாட்டுக்குத் தரையைக் கண்டுபிடித்து மிதிக்க வேண்டும்.

ரதி வேஷம் கட்டுகிறவர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு மீசைக்காரர். மாசிக்கு மட்டும் மீசையை எடுப்பார். அந்த ஆளைப் பார்த்து இவர் உருகுகிற உருக்கத்தைக் கண்டு எனக்கு வயிறு எரியும். "என்னைய ஒரு நாளாச்சும் அப்புடிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பேன். "நீயும் மீசைய எடு புள்ள, பாக்குறேன்" என்பார். அப்படி ஒரு வாய் அவருக்கு. எனக்கேற்ற ஜோடிதான்.

வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். மற்றவர்கள் கூத்து முடிந்த கையோடு கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். இவர் மதன் வேஷம் கிடைத்த வருஷமே கவுச்சியை ஒரேயடியாக விட்டுவிட்டார். மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாட்டு வாடைகூட இல்லை. லயத்தில் பால் ஏது, எல்லாருக்கும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான். சாராயத்தை அவர் கையாலும் தொட்டதில்லை. துரைக்கு மாட்டிறைச்சி வறுப்பார். உப்புப் பார்க்க மட்டும் மேசை வேலை பார்க்கும் அப்புவைக் கூப்பிடுவார். காமனுக்குக் கொடுத்த வாக்கு என்று அவருக்கு அதில் பெரிய பெருமை.

பழைய துரை சீமைக்குக் கப்பலேறி, வயது குறைந்த புதுத் துரை ஒருவர் வந்தார். கூடவே ஒரு வெள்ளிநிறப் போத்தலும் வந்தது. அதற்குள் பாலாடையை ஊற்றி, கட்டைவிரல் அளவு இரும்புக் குண்டு ஒன்றைத் திருகிவிட்டு விசையை அமுக்கினால், நுரைநுரையாய்ப் புடிங்குக்கு மேலே வந்து உட்காரும். குண்டுக்குள் இருப்பது ஒருவகைக் காற்று. பெட்டி பெட்டியாகக் கொழும்பிலிருந்து ரயிலில் வரும்.

அந்தக் காற்றுக்கு வேறு வேலையும் இருந்தது. சனிக்கிழமை விருந்து முடிந்ததும் துரைமார் பாலாடை ஊற்றாமலே குண்டைத் திருகி, காற்றைப் பலூனில் பிடித்து உறிஞ்சுவார்களாம். அப்புறம் ஒரே சிரிப்பு. நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பு, நாயைப் பார்த்துச் சிரிப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று எங்களை உருட்டி மிரட்டுகிற சின்னத்துரை, மேசைக்கடியில் போய்க் குழந்தை மாதிரி கிடந்தாராம். ஒருநாள் அவர் நின்றபடியே உறிஞ்சிவிட்டுத் தடாலென்று கணப்படுப்பின் கல்லில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். ரத்தத்தோடும் சிரித்தாராம். இவர் வந்து நடித்துக் காட்டியபோது லயமே விழுந்து விழுந்து சிரித்தது.

காலிக் குண்டுகளை இவர் மடியில் கட்டிக்கொண்டு வருவார். நான் அவற்றைக் கம்பியில் கோத்துப் பிள்ளைக்காம்பராவில் தொங்கவிட்டேன். சேலையில் கட்டின ஏணைக்குள் கிடக்கிற பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கு அழுகையை நிறுத்தும். பக்கத்துத் தோட்டத்து ஆயா வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு சரம் கேட்டாள். கொடுப்பேனா நான்?

துரை உறிஞ்சியதை இவரும் ஒருநாள் உறிஞ்சிப் பார்த்தார். அன்று சாயங்காலம், நிரப்பிக் கொண்டுவந்த பலூனை வழியில் இழுத்துவிட்டு, வாசலில் நின்று ஒரேயடியாகச் சிரித்தார். கிட்டப் போய்க் கேட்டேன்.

"குடிச்சிட்டு வந்தீங்களா?"

"அடச்சீ! வாய மோந்து பாரு. இது காத்து புள்ள. காத்துல என்ன கவுச்சி இருக்கு, என்ன கள்ளு இருக்கு? காமன் காத்தக் கூடாதுன்னு சொன்னாரா?"

நானும் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரி, சாராயம் இல்லையே, அந்தமட்டும் புண்ணியம் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. மழை ஓயாத ஆடி மாசத்தில், புகை மண்டிய எங்கள் லயத்துக் காம்பராவில், ஈர விறகை ஊதிக்கொண்டு நான் கண்ணைக் கசக்கும்போது, இவர் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி துரைசாணி மாதிரிக் குரலை இழுத்துப் பேசுவார். நாள் முழுக்க யாராரிடமோ ஏச்சு வாங்கிய எங்கள் ரெண்டு பேருக்கும் அந்த நேரம் பெரிய சொத்து. இன்றைக்கும் ஈர விறகுப் புகை பட்டால் எனக்கு அவர் சிரிப்புத்தான் முதலில் காதில் விழுகிறது.

ஆனால் சனிக்கிழமை என்றிருந்தது தினமும் என்றானது. என் சரம் நீண்டு நீண்டு, ஏணைக்கயிற்றைத் தொட்டது. காற்றுப் பாயும்போது பனிக்கட்டியாய்க் குளிரும் போத்தல் வாய் ஒட்டி அவர் உதடு வெந்திருக்கும். கேட்டால் அடுப்புச் சூடு என்பார்.

பிறகு காலில் எறும்பு ஊர்கிறது என்றார். குளிர்தான் என்று வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டேன். ஒருநாள் பங்களாவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். மற்றது எங்கே என்றால், குனிந்து பார்த்துவிட்டு அவரே திகைத்தார். கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

மாசி வந்தது. காப்புக் கட்டினார்கள். அந்த வருஷம் மதன் ஆட்டத்தில் ஏதோ பிசகு. கால் தரையைத் தேடித் தேடி மிதித்தது. மீசை எடுத்த ரதி இரண்டு தடவை கையைப் பிடித்து நிறுத்தினார். சனம் அதையும் ஆட்டம் என்றே நினைத்தது. விடியற்காலையில் காமனை எரித்தார்கள். ரதி மாரில் அடித்து அழ, தப்பு அடங்கியது. இவர் ஒதுங்கி நடந்தவர், எரிந்து சரிந்த தணலுக்குள் நேராகக் காலை வைத்தார். வைத்துவிட்டு நின்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"அரோகரா!" என்று சனம் கும்பிட்டது. பெண்கள் ஓடிவந்து காலைத் தொட்டார்கள். நான் மட்டும் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவரை இழுத்தேன். வீட்டில் கால் கழுவிவிட்டபோது பார்த்தேன், உள்ளங்கால் தோல் வெந்து தொங்கியது. நகத்தால் அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"எங்க அமுத்துற?" என்றார்.

 கும்பிட்ட சனத்தின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. காப்புக் கட்டிவிட்ட பூசாரியார் வந்தார். பங்களாவில் மாட்டிறைச்சி கிண்டுகிற கைதானே, அந்தத் தீட்டுத்தான் காலில் இறங்கிவிட்டது என்றார். "வெரதத்த இன்னும் இறுக்கிப் புடிங்க. மோர் தண்ணியும் வேணாம்." இவர் தலையை ஆட்டினார். விசேஷத்துக்குக் கிடைக்கிற துளித் தயிரும் அன்றோடு போனது. மனசு ஒடிந்த மனுஷன் ஆறுதலுக்கு எதை நாடுவார்? அந்தக் காற்றைத்தான்.

புண் ஆறியது. கால் ஆறவில்லை. வெளிச்சத்தில் தரையைப் பார்த்து ஒருமாதிரி நடந்துவிடுவார். பொழுது சாய்ந்தால் காலே இல்லாத ஆள் மாதிரி சுவரைப் பிடிப்பார். முகம் கழுவக் கண்ணை மூடினால் சரிந்துவிடுவார். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று நான் பங்களாவுக்கு ஏறினேன். விறகுக் கொட்டிலுக்குப் பின்னால், பலூனைக் கையில் பிடித்தபடி சாய்ந்து கிடந்தார். உதடு நாவல்பழ நிறம். மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கன்னத்தில் அறைந்தேன். ஆமாம், கட்டின புருஷனைத்தான். மூன்றாவது அறைக்குக் கண்ணைத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் ஓவென்று கத்தி அழுதேன். சாவை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் சிரிப்பானா? பலூனைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். குண்டுப் பெட்டியைத் தூக்கி ஓடைக்குள் வீசினேன். துரை கேட்டால் கேட்கட்டும் என்று இருந்தேன். துரை கேட்கவே இல்லை. அவருக்கும் வெட்கம் இருக்கும்தானே.

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தய்யா இவர் நாக்கை நீட்டச் சொன்னார். வெளுத்து வழவழவென்றிருந்தது. நான் காற்று விஷயத்தைச் சொன்னேன். "துரைமாரும்தானே இழுக்குறாங்க, அவங்க நல்லாத்தானே நடக்குறாங்க?" என்று அவர் தலையைச் சொறிந்தார். ரத்தம் சுண்டிப் போயிருக்கிறது என்று சிவப்பாக ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார். ஈரலும் முட்டையும் கொடு, இல்லாவிட்டால் படுத்த படுக்கைதான் என்றார்.

இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "வாக்குக் குடுத்திருக்கேன். காமன் என்னையக் கேப்பாரு."

நான் ஈரலை வாங்கி, மிளகு இடித்துப் போட்டு, பிரட்டிக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். "காமன் கேட்டா எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க. ரதி எரிஞ்ச புருஷன அழுது அழுது திரும்ப வாங்கினா. எனக்கு அழுது வாங்கத் தெரியாது. ஊட்டித்தான் வாங்குவேன். வாயத் தொறங்க!"

கண்ணீர் வழிய வழிய வாயைத் திறந்தார். அதன் பிறகு அவர் மதன் வேஷத்துக்குக் காப்புக் கட்டவில்லை. யாரும் கட்டச் சொல்லவும் இல்லை.

சிவப்பு ஊசியும் ஈரலும் வேலை செய்தன. கோலை ஊன்றிப் பிறகு கோலில்லாமலும் நடந்தார். ஆனால் உள்ளங்கால் தரையை அறியும் அந்த உணர்வு முழுதாகத் திரும்பவே இல்லை. பல வருஷம் கழித்து, கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கறியிலும் முட்டையிலும் பாலிலும் நரம்புக்கு வேண்டிய ஒரு சத்து இருக்கிறதாம். அந்தக் காற்று அதைத்தான் கெடுத்துவிடுமாம். கவுச்சி தின்கிறவன் உடம்பில் அந்தச் சத்து கையிருப்பு இருக்கும், கொஞ்சம் தாங்கும். அவனும் தினமும் இழுத்தால் அதே கதிதானாம். இவர் உடம்பில் கெடுக்க என்ன மிச்சம் இருந்தது? "வெறகுக் கொட்டில்ல கெடந்த அன்னைக்கே மூச்சடைச்சுப் போயிருப்பாரும்மா" என்றும் சொன்னார். எங்கள் பூசாரியார் இறுக்கச் சொன்ன விரதத்தை நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வாயில் வந்தபடி திட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

அவர் கால் வெந்ததற்கு அடுத்த மாசியிலேயே வேறொரு இளந்தாரிக்கு வேஷம் போனது. பொட்டலில் தப்புக் கேட்டது. நாங்கள் போகவில்லை. பகல் வெளிச்சத்தில், காம்பரா நடுவே இவர் எழுந்து நின்று அடவை எடுத்தார். கால் சரியாக விழுந்தது. ஆனால் கண் தரையில் இருந்தது. நான் எதிரே போய் நின்றேன்.

"கீழ என்னத்தப் பாக்குறீங்க? மதன் ரதியத்தானே பாக்கணும்? மீசைய எடுத்துட்டேன், பாருங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அதே பார்வை. ஒரு அடி வைத்தார், கால் எங்கேயோ போனது, அப்படியே என் மேல் சரிந்தார். இரண்டு பேரும் சுவரோடு மோதித் தரையில் உட்கார்ந்தோம். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "இனி ஆட முடியாது புள்ள" என்றார்.

அதன் பிறகு எங்கே போனாலும் அவர் கண் பாதையிலேயே இருக்கும். பக்கத்தில் நடக்கிற என்னைத் திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவார். அதனால் பேச வேண்டியது இருந்தால், ஸ்டோருக்குப் போகும் பாதையில் ஒரு பாறை உண்டு, அங்கே அவரை உட்கார வைப்பேன். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். அவர் சாகும் வரைக்கும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கால் வலிக்கிறது என்று சொல்லி அந்தப் பாறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.