நிலைமேல் வைத்த சாவிகள்

1912 ஆகஸ்ட் 6, செவ்வாய், காலை ஆறே முக்கால். கல்லூரி விடுதியில் அறைகள் இருபத்து நான்கு. கதவு நிலைகளின்மேல் கைவிட்டுத் தடவியதில் கிடைத்த சாவிகள் இருபத்தொன்று.

பூட்டுகள் எல்லாம் தொழிற்பள்ளியில் படித்த நான் செய்து மாட்டியவை.

போன வாரம் ஓர் அறையில் கடிகாரம் களவு போயிற்று. பூட்டு உடையவில்லை. மறுசாவி காவலாளி மாடசாமியிடம்தான் இருந்தது. அப்படியே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நேற்று அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த மாணவனை நிறுத்தினேன்.

“ஏம்லே, சாவிய மேல வச்சிட்டுப் போறே?”

“ஆத்துல முங்கையில தண்ணியோட போயிரும்லா சார். எல்லாரும் அங்கனதான் வைப்போம்.”

“கள்ளனுக்குத் தெரியாதோ?”

“உள்ளூர்க் கள்ளன் நம்மகிட்ட எடுப்பானா? வெளியூர்க்காரனுக்குத்தான சார் பூட்டு!”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அந்த அறையை யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம் என்று விடுதி மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

“அறிக்கை நீருதானே வே எழுதுனீரு? அந்த மனுசன் பெண்டாட்டி பிள்ளைகளோட சொந்த ஊரு உடன்குடிக்கே போயிட்டாரு” என்றார்.

இனிச் செய்யப்போவது:

1. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து, அறிக்கையைத் திரும்பப் பெறுவேன்.

2. சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்ள இருபத்து நான்கு வளையங்கள் அடிப்பேன்.

3. சனிக்கிழமை உடன்குடிக்குப் போய் மாடசாமியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவேன். அவர் முன்னால் போய் நின்று என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாசகசாலைப் பலகையில் இதைப் படிக்கும் நண்பர்கள் கீழே எழுதுங்கள். பூட்டு நல்ல பூட்டு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.