லேபல் இல்லாத கேன்

எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் ரசாயன ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பள்ளியில் படிவம் மூன்றோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஸ்டோர் கதவைத் திறக்கும்போதெல்லாம் மாரியம்மாவை ஒரு தரம் கூப்பிட்டுக்கொள்வேன். உள்ளே இருப்பதில் பாதி பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். எதுவும் தண்ணீர் இல்லை.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு பாதுகாப்புத் தாள் உண்டு. அதில் என்ன ஆபத்து, மேலே பட்டால் என்ன செய்வது என்றெல்லாம் போட்டிருக்கும். சட்டம் மாறினால் தாள் மாறும். தாள் மாறினால் கேன்மேல் ஒட்டும் லேபலும் மாறவேண்டும். பாய்லர் தண்ணீரில் கலக்கும் சோடாக் காரத்துக்கு அப்படித்தான் புதுத் தாள் வந்தது. பழைய லேபலில் வெறும் ஆச்சரியக்குறிதான் இருந்தது. புதியதில் ஒரு கைமேல் சொட்டு விழுந்து சதை அரிக்கிற படம். இத்தனை நாள் இதைத்தானா தூக்கிக்கொண்டு நடந்தோம் என்று என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன்.

மில் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் கிராணி என்னைவிட இளையவர். திங்கட்கிழமை சோதனைக்கு ஆள் வருகிறார்கள், பழைய லேபல் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது, எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள் என்றார். புதிய லேபலைச் செகிஞ்சான் டவுனில் ஒரு கடையில் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். அதுவரை கேன் வெறுமனே கிடக்குமே என்று கேட்டேன்.

"கெடந்தா என்னாக்கா? யாரு வந்து மோருன்னு ஊத்திக் குடிக்கப் போறா?" என்று சிரித்தார்.

ஸ்டோருக்குள் இருந்த கேன்களின் லேபலையும், பாய்லர் கொட்டகையில் உபயோகத்துக்கு எடுத்து வைத்திருந்த முழு கேனின் லேபலையும் கிழித்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். வருஷா வருஷம் திருவிழாவுக்கு, காலியான கேன்களைப் பலமுறை அலசி, தண்ணீர் பிடித்து வைக்க மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். கூடாதுதான், ஆனால் நடந்துகொண்டிருந்தது. அலசிய கேனுக்கு அடையாளமாக லேபலை உரித்து, பாய்லர் கொட்டகைச் சுவரோரம் வைத்துவிடுவார்கள். கோயில் ஆட்கள் யாரையும் கேட்கமாட்டார்கள். லேபல் இல்லையென்றால் அது அம்மாவுக்கு என்று எடுத்துப்போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவிழா. என் வீட்டுக்காரர் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தார். முச்சந்திப் பிள்ளையார் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டு, நான் முன்னால் வந்து அம்மன் கோயில் வாசலில் நின்றேன். அப்போது பாய்லர் ஆள் போன் செய்தார்.

"அக்கா, சுவரோரம் வெச்ச முழு கேன் ஒண்ணக் காணோம். நீங்க உள்ள எடுத்து வெச்சீங்களா?"

நான் லேபலைக் கிழித்த கேன் அது.

தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடினேன். வெள்ளைக் கேன்கள் வரிசையாக நின்றன, எல்லாம் ஒரே மாதிரி, எதிலும் லேபல் இல்லை. எதைத் திறந்து முகர்ந்தாலும் அந்தக் காரத்துக்கு வாசனை கிடையாது. தொட்டுப் பார்க்கவும் முடியாது. பக்கத்தில் பிள்ளைகள் சிரப் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்தேன். ஆத்தா, ஆத்தா என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்த கோயில் கமிட்டி மாமாவிடம், மில்லிலிருந்து வந்த கேனில் ஏதாவது முழுசாக இருந்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணுல அவங்களே தண்ணி புடிச்சு வெச்சிருந்தாங்கம்மா. சரியான கனம்லா. கால் கழுவுற எடத்துக்குக் குடுத்துட்டேன்."

பால்குடக்காரர்கள் கோயில் வாசலுக்கு வந்ததும் பெண்கள் மஞ்சள் தண்ணீரால் அவர்கள் கால்களைக் கழுவுவார்கள். வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து, தோல் உரிந்து வருகிற கால்கள். உறுமி மேளம் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் திரும்பிவிட்டது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

வாசலில் என் அடுத்த வீட்டு அண்ணி ஒரு கேனிலிருந்து ஊற்றிய வாளியில் மஞ்சளைக் கொட்டி, வேப்பிலைக் கொத்தால் கலக்கிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாளிக்குள் தண்ணீர் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"பாத்தியா, மஞ்சளப் போட்டேன், ஆத்தா குங்குமமாக்கிக் குடுத்துட்டா," என்றார் அண்ணி. அவர் கண் கலங்கியிருந்தது.

"தொடாதீங்க அண்ணி. ஆரத்திக்குச் சுண்ணாம்பு போட்டாத்தான மஞ்ச செவக்கும்? இதுல யாரு சுண்ணாம்பு போட்டா? இது மில்லு காரம்," என்றேன்.

அண்ணி வேப்பிலையை வாளியிலேயே விட்டுவிட்டார். பின்னால் ஒருத்தி, மில்லுக்காரி வந்து அம்மா பூசையைக் கெடுக்கிறாள் என்றாள். நான் திரும்பவில்லை. கொட்டவும் முடியாது. கொட்டினால் அந்தத் தரையில்தான் அவர்கள் வெறுங்காலோடு வந்து நிற்பார்கள். என் பின்னாலேயே ஓடிவந்த மாமாவும் நானும் வாளியைப் பலகையால் மூடி, கேனையும் சேர்த்து வேலிக்கு அந்தப் பக்கம் நகர்த்தினோம்.

அண்ணியின் மணிக்கட்டில் இரண்டு சொட்டு தெறித்திருந்தது. வழுவழுவென்று இருக்கிறதே என்றார். அவர் வளையலைக் கழற்றிவிட்டு, கையைக் குழாயடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தேய்க்காதே, ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் வை என்று தாளில் படித்திருந்தேன். போதும், விடு என்று அவர் சொன்னபோதும் விடவில்லை. சிவந்ததோடு போயிற்று.

பால்குடங்கள் வந்தன. வெறும் குழாய்த் தண்ணீரால் கழுவினார்கள். என் வீட்டுக்காரரின் கால்களுக்கு நான்தான் ஊற்றினேன். அழுதுகொண்டே ஊற்றியதில் செம்பு அவர் கணுக்காலில் இடித்தது. தலையில் குடம் இருந்ததால் அவர் குனிந்து பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டு, அருளில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாராம்.

மஞ்சளைச் சிவக்கவைத்தது காரம்தான், எனக்குத் தெரியும். யாராவது காலில் ஊற்றும் முன்னே அதைச் சிவக்கவைத்துக் காட்டியது ஆத்தா என்றே இன்றும் நம்புகிறேன்.

புதிய லேபல் திங்கட்கிழமை வந்தது. அரிக்கிற அந்தக் கையின் படத்தை ஒவ்வொரு கேனிலும் அழுத்தி ஒட்டினேன். இப்போது கோயிலுக்கு மில்லிலிருந்து ஒரு கேனும் போவதில்லை. தாள் மாறும்போது, புதிய லேபல் கையில் வராமல் பழையதைத் தொடமாட்டேன் என்று கிராணியிடம் சொல்லிவிட்டேன். சரிக்கா என்றார். சிரிக்கவில்லை. அப்படியும் திருவிழா நெருங்கினால் ஸ்டோரைப் பூட்டிய பிறகு திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.