செம்பாக்கத்திலிருந்து வந்த கேட்டலேஸ்

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு வரும் பார்சல்களில் ஒன்று போன வருடம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது. வெளியே தெர்மாகோல் பெட்டி, உள்ளே புகை கக்கும் உலர்பனிக்கட்டி, அதன் நடுவே சுண்டுவிரல் நுனி உயரத்தில் சின்னச் சின்னக் குப்பிகள். குப்பிகளில் இருப்பது கேட்டலேஸ் என்கிற நொதி. சுண்டெலியின் உடம்பில் இருக்கிற அதே நொதிதான். ஆனால் இதற்காக எந்த எலியையும் அறுப்பதில்லை. எலியின் மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, அது உண்டாக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து உறையவைத்து அனுப்புகிறார்கள். இதெல்லாம் எனக்குப் பழகிய சங்கதி. பழகாதது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரி. செம்பாக்கம், சென்னை. என் அம்மா குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஊருக்குப் போக நான் லீவு கேட்டு, டிக்கெட் தேடி, விசாவைத் திரும்பத் திரும்பப் பார்த்து அல்லாடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் குப்பி பாட்டுக்கு ஜம்மென்று விமானம் ஏறி என் மேசைக்கு வந்துவிடுகிறது. பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வரும்.

பக்கத்து மேசை கத்ரின் அந்த முகவரியைப் பார்த்துவிட்டு, உன் சொந்தக்காரர்களா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சென்னையில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள் தெரியுமா, உங்கள் நாட்டுக்காரர்கள் எல்லோரையும் உனக்குத் தெரியுமா என்று ஒரு பிடி பிடித்தேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள் பாவம், முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். மதியம் சும்மா இருக்கமாட்டாமல் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால், முதலாளி என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது பிரபு. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கவிதாவின் தம்பி. இதைக் கத்ரினிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

இந்த நொதியை நம்பித்தான் என் பிழைப்பு ஓடியது. மூச்சுவிடும் எந்த உயிரணுவிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கும். அது மிஞ்சினால் இரும்பைத் துரு தின்கிற மாதிரி உயிரணுவை அரித்துவிடும். கேட்டலேஸ் அதை உடைத்துத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் மாற்றிவிடுகிறது. சிறு வயதில் முட்டி சிராய்த்தால் ஒரு மருந்தை ஊற்றுவார்களே, புசுபுசுவென்று நுரைக்குமே, அந்த நுரைக்குக் காரணம் நம் உடம்பில் இருக்கும் கேட்டலேஸ்தான். வயதான எலியின் நொதி எந்த இடத்தில் களைத்துப்போகிறது என்பது என் ஆராய்ச்சி. அதற்கு ஒப்பிட, நன்றாக வேலை செய்யும் நொதி கையில் இருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் வந்த பெட்டியிலிருந்து எல்லாம் கோணலாகிவிட்டது. நல்ல நொதியே களைத்த நொதியைவிட மோசமாக இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். அதே கதைதான். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. இந்த ஆராய்ச்சியின் முடிவைக் காட்டினால்தான் நீட்டிப்பார்கள்.

எங்கள் பேராசிரியர் அம்மையார் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ராத்திரி நன்றாகத் தூங்குகிறாயா என்று விசாரித்தார். என்ன அக்கறை என்று உருகிப்போய், நன்றாகவே தூங்குகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது அக்கறை இல்லையாம், எச்சரிக்கையாம். உன் கை சரியில்லை என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று கத்ரின் பிறகு விளக்கினாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. மார்ச்சில் போ என்றால் போய்விடுவோம், விட்டது தொல்லை என்று ஒரு மனசு குதித்தது. போய் என்ன செய்வாய் என்று இன்னொரு மனசு கேட்டது. டிராமில் போகும்போது இரண்டுக்கும் நடுவே கிடந்து அல்லாடி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தேன். வாசலில் நட்சத்திரம் கட்டியாயிற்று, சர்ச்சுக்குப் போயாயிற்று, கேக்கும் கொடுத்தாயிற்று. அப்புறமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் மாடம்பாக்கம் வரை சும்மா நடந்துவிட்டு வந்தேன், மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் எதுவுமே வாங்காமல் சுற்றினேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “வந்ததுலேர்ந்து கால்ல சக்கரம் கட்டிகினு திரியற. ஒரு எடத்துல குந்தேன்” என்றாள். குந்த முடியவில்லை. மறுநாள் காலையில் பிரபுவின் கம்பெனிக்கே போய்விட்டேன்.

அவன் அப்பாவின் கட்டடத்தில், கீழே டைல்ஸ் கடை, மேலே ஆய்வகம். நிலம் வைத்திருந்த குடும்பம். வயல் மனையாகி, மனை கட்டடமாகி, கட்டடத்தின் மாடியில் இப்போது எலியின் புரதம். பிரபு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, அக்கா அக்கா என்று காபி வாங்கிவரச் சொன்னான். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. இங்கே எல்லாம் பக்கா, உங்கள் ஊர் ஏர்போர்ட்டில்தான் பெட்டியை வெயிலில் போட்டிருப்பார்கள் என்றான். டிசம்பரில் எங்கள் ஊரில் வெயிலை விளக்குப் போட்டுத் தேட வேண்டும், அக்டோபரிலும் அப்படியொன்றும் கொளுத்தவில்லை என்றேன். அவனும் விடுகிறவன் இல்லை. எனக்கு அனுப்பிய அதே பேட்சில் அவர்கள் எடுத்துவைத்திருந்த குப்பி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னான்.

கொண்டுவந்தது செல்வி. அங்கே டெக்னீஷியன், அகரம்தென்னிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். குப்பியைக் கரைத்து, அதில் பெராக்சைடு விட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. போன மாதம் செய்த புது பேட்சில் விட்டாள். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தது போல நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த நொதி செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் டீப் ஃப்ரீசரைப் பார்த்தேன். மைனஸ் எண்பது டிகிரியில் எப்போதும் ஓடவேண்டிய பெட்டி. அதன் கதவில் சந்தனம் காய்ந்து உதிர்ந்த தடம், நடுவே மங்கிய குங்குமம். ஆயுத பூஜைக்கு இதை என்ன செய்தீர்கள் என்று செல்வியிடம் கேட்டேன். அவள் ஒளிக்காமல் சொன்னாள். பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் போல இதையும் ஆஃப் செய்து, உள்ளே பாறையாகக் கிடந்த ஐஸை உருகவிட்டு, துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்கள். மெஷினுக்கு ஒருநாள் ஓய்வு. விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்ப ஓடவிட்டார்கள். அதுவரை குப்பிகள் தெர்மாகோல் பெட்டியில், மீன் கடையில் வாங்கிய ஐஸில். மற்ற நொதிகள் உரமானவை, தாங்கிக்கொண்டன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேட்டலேஸ் அப்படியில்லை. ஒருமுறை உருகி உறைந்தாலே சுருண்டுவிடும்.

கத்ரின் இதைக் கேட்டால் தலையில் கைவைப்பாள். எனக்கு அப்படி வைக்கத் தோன்றவில்லை, அதுதான் வினை. என் அப்பா கீழ்க்கட்டளையில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அப்பா அந்த லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற துடைப்பைப் பார்க்க வேண்டும். பூஜை அன்றைக்கு அதன் சுவிட்சை யாரும் தொடக்கூடாது. வருஷம் முழுக்க நமக்காகச் சுத்துதே, ஒருநாள் நின்னா என்ன என்பார். பொரியும் கடலையும் பொட்டலமாக வீட்டுக்கு வரும். ஓடுகிற இயந்திரத்தை நிறுத்துவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நம்பி வளர்ந்தவள் நான். நிறுத்தினால் பாழாகிப்போகிற இயந்திரமும் உண்டு என்பதை வேறொரு நாட்டில் போய்ப் படித்தேன்.

செல்வியை வெளியே அனுப்பிவிட்டுப் பிரபு கதவைச் சாத்தினான். “அக்கா, டிரான்ஸ்போர்ட்ல கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதிடுங்க. ஜெர்மனி ஆர்டர் போச்சுன்னா நான் கடைய மூடணும். உங்க பேரும் கிளியர் ஆயிடும்ல?” என்றான்.

“டிரான்ஸ்போர்ட்னு எழுதினா அடுத்த வருஷமும் ஆஃப் பண்ணுவீங்க பிரபு.”

அவன் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தான். பிறகு, “ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க இங்க இருந்திருந்தா, ஆஃப் பண்ண விட்டிருப்பீங்களா?” என்றான்.

விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து இருந்திருந்தால், ஈரத்துணியும் கையுமாக அந்தக் கதவைத் துடைத்தது நானாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் பொய் எழுத முடியாது, இது ஆராய்ச்சி என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

வீட்டுக்கு வந்து பேராசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன். நொதி செத்தது எப்படி என்பதை எழுத அதிக நேரம் ஆகவில்லை. எதற்காக ஃப்ரீசரை நிறுத்தினார்கள் என்று எழுதத்தான் பிராணன் போனது. அழித்து அழித்து எழுதினேன். மூட நம்பிக்கை என்று எழுதக் கை வரவில்லை, பராமரிப்பு என்று எழுதவும் மனசு ஒப்பவில்லை. கடைசியில், இயந்திரங்களுக்கு நன்றி சொல்லும் நாள், அன்று அவற்றுக்கு ஓய்வு, இந்த இயந்திரத்துக்கு ஓய்வு கொடுத்திருக்கக் கூடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன்.

விடுமுறையில் யாருக்கும் பதில் எழுதாதவர், எனக்கு எழுதியிருந்தார். என் கை மீது சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறாராம். ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்களாம். அந்த நிறுவனத்திடமே புது பேட்ச் வாங்கலாம், தவறை மறைக்காதவர்களை நம்பலாம் என்றும் எழுதியிருந்தார். படித்ததும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நெஞ்சில் ஏதோ கனமாக இறங்கியது, நிம்மதியா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. கடைசி வரி: அடுத்த பண்டிகைக்கு ஃப்ரீசரை நிறுத்த வேண்டாமென்று ‘டைனெ லாய்ட’விடம் சொல்லிவிடு. அப்படியென்றால், உன் ஆட்களிடம்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் பிரபுவிடம் இதைச் சொல்லப் போனேன். ஆர்டர் போகவில்லை என்று கேட்டு மூச்சுவிட்டான், ஆனால் சிரிக்கவில்லை. “தேங்க்ஸ் மேடம். இனிமே ஆஃப் பண்ண மாட்டோம்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க” என்றான். புது பேட்ச்சை ஒருமுறை என் கையாலேயே சோதித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஃப்ரீசரைத் திறந்தேன். வெள்ளையாகப் பனிப்புகை முகத்தில் அடித்தது. குப்பியை எடுத்துவிட்டேன். கதவை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரமோ தெரியாது, ஃப்ரீசர் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது.

“இன்னா மேடம் யோசனை? ஒண்ணு எட்த்துகினு மூடுங்க, இல்லாட்டி உள்ள வெச்சுட்டு மூடுங்க. இப்டி தொறந்து வெச்சுகினு நின்னா உள்ள கீறதெல்லாம் கெட்டுப்பூடும்.”

சரி சரி என்றேன். கை நகரவில்லை. கடைசியில் அவளே வந்து கதவைச் சாத்தினாள்.