பதினாலாயிரம் பேரும் ஓ பாசிட்டிவ்

ஜாய்ஸின் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவள் கையெழுத்துதான். புதிதாக வேலைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் அதைப் படித்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடலாம். எதை மாற்றப் போகிறாயோ அதை முதலில் தேடிப் பார், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணு, அப்புறம் மாற்று. திரும்பி வர வழி வைத்துக்கொண்டு மாற்று. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எதையும் மாற்றாதே. இப்படி ஏழு வரி. நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கே ஏழும் மனப்பாடம். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் டீ குடிப்பேன்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் ரத்த தானச் சங்கம் இருக்கிறது. வேன் ஓட்டுவது நான். ஆபீசைத் திறப்பது, பெருக்குவது, பூட்டுவதும் நான். ஜாய்ஸ் டேட்டாபேஸ் பார்க்கிறவள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பர், ரத்த வகை எல்லாம் அவள் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. பதினாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒன்பது வருஷம் கேம்ப் கேம்ப்பாக அலைந்து சேர்த்தது.

அவள் பிறந்தது நெம்மேலிப் பக்கம். அப்பா சவுக்குத் தோப்பில் கூலி வேலை. பாலிடெக்னிக் முடித்து, பெரிய கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் இதே டேட்டாபேஸ் வேலை பார்த்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பிள்ளைகள் தூங்கும்போதுதான் முகம் பார்க்கிறேன் என்று அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்தாள். வீடு ஊரப்பாக்கம். ஒரு ஸ்டேஷன்தான். பாதிச் சம்பளம். வாய் மட்டும் முழுசாகக் கொண்டுவந்தாள்.

சேர்ந்த புதிதில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“தொர அண்ணே, தெனம் காலைல வந்ததும் இந்த எடத்துல பாரு. அன்னிக்கித் தேதி போட்டு ஒரு ஃபைலு வந்திருக்கும். நைட்டு அதுவே மொத்தத்தையும் நகல் எடுத்து வச்சிடும். வந்துகீதான்னு பாத்து நோட்டுல எழுது.”

“வர்லன்னா?”

“எனக்கு போன் போடு. பொட்டிய ரெண்டு தட்டு தட்டிப் பாக்காத. அது உன் வேன் இல்ல.”

அன்றிலிருந்து தினமும் தேதி போட்டு, பக்கத்தில் ‘வந்தது’ என்று எழுதினேன். ஒரு நாள் விட்டதில்லை.

எங்கள் ஆபீசில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். வேனைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்போம். கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ஜாய்ஸ்தான் பொரி, கடலை வாங்கி வருவாள். பூஜை முடிந்ததும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றுவாள். “வருசத்துக்கு ஒரு வாட்டி பூட்ட மாத்தணும். இந்த நாள்னா எனக்கு மறக்காது” என்பாள். போன வருஷமும் அப்படித்தான் மாற்றினாள். அப்புறம் எல்லோரும் பொரி தின்றோம்.

இந்த வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. மாமல்லபுரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் ரத்தம் ஓ பாசிட்டிவாம், நாங்கள் பி பாசிட்டிவ் என்று போட்டு வைத்திருக்கிறோமாம். ஜாய்ஸ் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, “இருங்க சார், இப்பவே மாத்திடறேன்” என்றாள். மூன்று வரி அடித்தாள். மவுசால் அந்த வரிகளை இழுத்துக் குறித்து, ஓட விட்டாள். குறித்தது மட்டும்தான் ஓடும். இழுத்தபோது கடைசி வரி விட்டுப்போனது. இந்த ஒரு ஆளுக்கு மட்டும் என்று சொல்கிற வரி அது.

நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். போனில் அந்த ஆள் “ஹலோ, ஹலோ” என்று கத்துவது எனக்கே கேட்டது.

“இன்னாமா?”

“அல்லாரும் ஓ பாசிட்டிவ் ஆயிட்டாங்க அண்ணே.”

“அல்லாரும்னா?”

“பதினாலாயிரம் பேரும்.”

பெயர் இருந்தது. ஊர் இருந்தது. நம்பர் இருந்தது. ரத்த வகை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டது. திரும்பி வர வழி வைக்கச் சொல்லி எழுதியவள் அவள்தான். ஒரே ஒரு ஆள்தானே என்று அன்றைக்கு வைக்கவில்லை.

“பேஜாரு ஆவாத. பேக்கப் கீது” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நேற்றைய ஃபைலைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. முந்தாநாள் ஃபைல், அதிலும் இல்லை. முப்பது நாள் ஃபைல் முப்பதும் வரிசையாக நின்றது. பெயர் சரி, தேதி சரி. அளவு என்று எழுதியிருந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. ராத்திரி நகல் எடுக்கிற புரோகிராமுக்குள் பழைய பாஸ்வேர்டே இருந்தது. வருஷா வருஷம் அதிலும் மாற்றிவிடுகிறவள், போன வருஷம் மறந்துவிட்டாள். ஆயுத பூஜையன்று அவள் மாற்றிய புதிது அதற்குத் தெரியாது. எட்டு மாதமாக அது ராத்திரிதோறும் போய், கதவு திறக்காமல், வெறும் ஃபைலுக்குப் பெயர் வைத்துவிட்டு வந்திருக்கிறது. முப்பது நாளைக்கு மேல் பழசானதை அதுவே அழித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. கடைசியாக நல்லபடி எடுத்த நகல் நவம்பரிலேயே போய்விட்டது. ஒரு நகலையாவது திறந்து, வேறு பெட்டியில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். தாளில் ஆறாவது வரி அதுதான். வேறு பெட்டி இல்லை என்று தள்ளிப் போட்டிருந்தாள்.

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வந்தது, வந்தது, வந்தது. அளவைப் பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“ஃபாரம் இருக்குமே அண்ணே? கேம்ப்ல எழுதி வாங்கனது?”

அதைப் போன தையில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டாயிற்று. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். கொண்டுபோய்ப் போட்டது என் வேன்.

பதினொரு மணிக்குக் காசிநாதன் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏதோ கிராமம், விவசாயம். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் அவர் மகள் பிரபாவுக்கு விடியற்காலை பிரசவம். குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் மூன்று யூனிட் வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. எங்கள் சங்கத்தில் கேட்டால் கிடைக்கும் என்று அனுப்பியிருந்தார்கள். டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார்.

அவர் நேற்று வந்திருந்தால் ஜாய்ஸ் பத்து நிமிஷத்தில் ஆளைப் பிடித்துக் கொடுத்திருப்பாள். ஓ நெகட்டிவ் மட்டும் நூற்று எழுபதுக்கு மேல் இருந்தார்கள். இப்போது தேடினால் ஒருவரும் இல்லை. அந்த நூற்று எழுபது பேரும் அதே பெட்டியில், பதினாலாயிரத்தோடு கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“உக்காருங்க நைனா, பாக்கறோம்” என்றாள். என்னிடம் ஒரு போனைத் தள்ளினாள். “மேலேந்து நான் வரேன், கீழேந்து நீ வா.”

பதினாலாயிரம் பேருக்கும் நாங்கள் இரண்டு பேர்.

“சார், உங்க ரத்தம் இன்னா குரூப்பு?”

“லோனு வேணாம்பா, வை போன.”

“லோனு இல்ல சார், ரத்தம்.”

“ஏற்கெனவே உறிஞ்சறது பத்தலயா உங்களுக்கு?”

ஒரு அம்மா, “நீங்கதான குத்தி எடுத்துகினு போனீங்க, என்னக் கேட்டா?” என்றாள். அவள் கேட்டது நியாயம். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. சிலர் லைசென்ஸைப் பார்த்துச் சொன்னார்கள். நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் நூறு தடவையாவது சொல்லியிருக்கும். காசிநாதன் சுவரிலிருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் இருக்க நான் திரும்பி உட்கார்ந்தேன்.

ஜாய்ஸுக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்தது. நெம்மேலித் தேவசகாயம், அவள் ஊர்க்காரர், ஓ நெகட்டிவ்தான். போன் போட்டாள்.

“குடுத்து மூணு வாரந்தான ஆவுது ஜாய்சு? நீதான லிஸ்டுல பாத்து என்ன அனுப்புன?”

மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்க மாட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு எனக்கு ஒருவர் கிடைத்தார். மறைமலைநகரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஆனந்தன். லைசென்ஸில் ஓ நெகட்டிவ். கை கழுவக்கூட விடாமல் வேனில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு போனேன். காசிநாதனும் கூட வந்தார். அது இரண்டாவது யூனிட். மருத்துவமனையில் கேட்டிருந்த மூன்றாவது, சென்னையிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று நின்று ஐந்தரைக்கு வந்தது. டாக்டர் நான்கு மணிக்கே, இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். பிரபா பிழைத்துக்கொண்டாள். வயது இருபத்து மூன்று.

பத்து நாள் கழித்துக் காசிநாதன் ஒரு தார் வாழைப்பழத்தோடு ஆபீசுக்கு வந்தார். ஜாய்ஸ் எழுந்து நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். விட்டுப்போன வரி, பாஸ்வேர்டு, பூஜ்யம் எல்லாம். என் நோட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். “மிசினுன்னா ரிப்பேரு ஆவறதுதாம்மா” என்றார்.

“மிசினு இல்ல நைனா. நான்.”

“நீ இன்னா பண்ணுவ, பாவம். சோறு தண்ணி இல்லாம போன் பண்ணிகினு இருந்தியே, நான் பாத்தேனே.” அவள் தலையில் கை வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

ஜாய்ஸ் பழத்தைத் தொடவில்லை. “இந்தாளு நாலு வார்த்த திட்டிட்டுப் போயிருக்கலாம் அண்ணே” என்றாள்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். விட்டால் வேறு யார் சரி செய்வது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அந்த வார நகலை ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றி, உள்ளே பத்துப் பெயரைத் தேடிப் பார்க்கிறாள். என் நோட்டில் அளவு எழுத ஒரு கட்டம் கூடியிருக்கிறது. சுவரிலிருந்த தாளை அவளே கிழித்தாள். புதிதாக எழுதவில்லை. இப்போது வருகிறவர்களிடம் வாயால்தான் சொல்கிறாள், பிரபாவின் பெயரோடு.

காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை இரண்டு பேரும் போன் பண்ணுகிறோம். நேற்றுவரை மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் முடிந்திருக்கிறது. அதில் குரூப் தெரிந்தவர்கள் ஆயிரத்து அறுநூறு பேர். ஓ நெகட்டிவ் பதினேழு.