மலை இறங்கிப் பெற்ற பிள்ளை

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது என் வயிறு எனக்கு முன்னால் நடந்தது. எங்கள் மலையூர் மாரமங்கலத்தில் பார்த்தவர்கள் எல்லாம் இரட்டை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "ஒத்தக் கொழந்தைதான், ஆனா நல்லாப் பெருசு. நாலு கிலோகூட வரலாம்," என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார்கள், இல்லை. "வலி வர்ற வரைக்கும் மலைமேல உக்காந்திருக்காதீங்க. முன்னாடியே கீழ வந்துடுங்க," என்று சொல்லி அனுப்பினார்.

அதுதான் என் முதல் பிரசவம். ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. மிளகு பறிக்க ஏணி சுமந்து பழகிய உடம்பு, இதையும் தாங்கும் என்று நம்பினேன். பயந்தது மாமியார்தான். மறுநாளே என் தட்டில் சோறு பாதியாகிவிட்டது.

"ஏனுங்க அத்தை, இது யாருக்குப் போட்டதுங்க?"

"உனக்குத்தான் கண்ணு. நொம்பத் தின்னா கொழந்தை இன்னும் பெருத்துப் போயிரும்."

"இனி நான் பட்டினி கெடந்தா அது எளைக்கவா போகுதுங்க? பெத்தெடுக்க எனக்குத் தெம்பு வேணுமுங்க. டாக்டரம்மாவும் வயிறாரத் திங்கத்தான் சொன்னாங்க."

சட்டியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் மலை இறங்கும் பேச்சை எடுத்ததும் முகம் சுருங்கியது.

"அஞ்சையும் நான் இந்த ஊட்லதான் பெத்தேன்."

"அதெல்லாம் இவராட்ட இருந்திருக்குமுங்க," என்று என் கணவரைக் காட்டினேன். அவர் மூங்கில் கழி மாதிரி ஒல்லி. அவரே முதலில் சிரித்துவிட்டார். "அவ சொல்றபடியே போகட்டும்மா," என்றார்.

அந்த வாரமே அவர் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமியாரும் கூடவே வந்துவிட்டார். இருவர் உட்காரும் சீட்டில் கண்டக்டர் என்னை மட்டும் உட்கார வைத்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாமியார் நின்றபடியே என் தோளைப் பிடித்துக்கொண்டார். அடிவாரத்தில் என் அக்கா வீட்டில் தங்கினோம்.

ஒரு நாள் காலை, துணி காயப்போடும்போது வலி எடுத்தது. ஆட்டோவில் சீக்கிரமே சேலத்து ஆஸ்பத்திரி சேர்ந்துவிட்டோம். மதியத்துக்கு மேல் தலை வெளியே வந்தது, தோள் சிக்கிக்கொண்டது. "இப்ப முக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. இரண்டு நர்சுகள் என் கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்தினார்கள். இன்னொருவர் அடிவயிற்றை அழுத்தினார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்குப் பயம் வந்தது. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். "இப்ப முக்குங்க!" என்றதும் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்தேன். பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து, ஒரு கணம் கழித்து வீறிட்டான்.

நாலு கிலோவுக்கும் மேலே. கைகால் எல்லாம் நன்றாக அசைகின்றன என்று தொட்டுப் பார்த்துச் சொன்னார்கள். எனக்குத் தையல் போட்டார்கள், வலித்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் அவனைக் கையில் வாங்கியதும், "ஏனுங்க, மூணு மாசத்துப் புள்ளையாட்ட இருக்கறானுங்க!" என்று நர்சிடம் சொன்னார். பிரசவ அறையில் கூட இருந்த அக்கா, தோள் சிக்கியதை அவரிடம் சொன்னாள். கேட்டதும் மாமியார் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வியர்வையில் ஒட்டிய என் முடியை ஒதுக்கிவிட்டார்.

"நீ கீழ வந்தது நல்லதாப் போச்சு சாமி."

"நாம வந்ததுங்க அத்தை," என்றேன்.